பின்வாசல் இல்லாத சமையலறை

யூடண்டா, தெற்கு ஆஸ்திரேலியா
13 பிப்ரவரி 1994

அன்புள்ள அண்ணன் ரைன்ஹோல்டுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? டாஸ்மேனியாவில் இந்த மாதக் கடைசியிலேயே குளிர் தொடங்கிவிடும். கம்பளிக் காலுறை போட்டுக்கொள். எனக்கு வெயிலைத் தவிர வேறு தொல்லை இல்லை.

கிறிஸ்துமஸுக்கு டீனும் ராலீனும் அடிலெய்டிலிருந்து வந்து மூன்று இரவு தங்கினார்கள். என் ஆல்ஃப் செத்துப்போன பிறகு மகனும் மருமகளும் இவ்வளவு நாள் தங்கியது இதுதான் முதல் தடவை. ராலீன் என் பக்கத்தில் நின்று பாத்திரம் துடைத்தாள். துடைத்துக்கொண்டே சுற்றிலும் பார்த்துவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க அத்தை. இருக்கறது பண்ணை வீட்டுல, ஆனா இது பண்ணை வீட்டுச் சமையலறை மாதிரியே இல்லையே" என்றாள். நாற்பது வருஷமாக ஆட்டுக்கறி வெட்டியதும் வெள்ளரிக்காய் ஊறப்போட்டதும் இந்த அறையில்தான். பிறகு இது யார் வீட்டுச் சமையலறை என்று கேட்கத் தோன்றியது.

அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. 1966-ல் கம்பளிக்கு நல்ல விலை கிடைத்தபோது ஆல்ஃப் பழைய விறகடுப்பைப் பெயர்த்து ஓடையில் தள்ளிவிட்டு மின்சார அடுப்பும் பச்சை ஃபார்மிகா ஒட்டிய மேடைப் பலகையும் போட்டார். அன்று சுற்று வட்டாரமே வந்து பார்த்துவிட்டுப் போனது. இப்போது அந்தப் பச்சையைப் பார்த்தால் ராலீனுக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறதாம்.

அவள் ஒரு பத்திரிகைப் பக்கத்தை விட்டுப் போயிருக்கிறாள். இத்துடன் வைத்திருக்கிறேன். "உண்மையான பண்ணை வீட்டுச் சமையலறை" என்று தலைப்பு. வார்ப்பிரும்பு அடுப்பு, வெள்ளைப் பீங்கான் தொட்டி, கதவில்லாத மர அலமாரி, மேசையில் ஒரு கூடை முட்டை. ஒரு முட்டையில்கூடக் கோழி எச்சம் இல்லை.

விஷயம் இதுதான். இப்படி ஒரு சமையலறை இருந்தால் அவர்கள் அடுத்த வருஷ விதைப்புக்கு இங்கேயே வந்துவிடுவார்கள். ஆல்ஃபின் உயிலில் நிலமும் வீடும் டீனுக்கு, நான் விரும்பும்வரை இருக்கலாம் என்று எழுதியிருப்பது உனக்குத் தெரியும். டீன் வராவிட்டால் நிலம் அண்டையில் இருக்கும் ஸ்வார் குடும்பத்துக்கு விலைக்குப் போய்விடும். செம்மறிகளைப் பார்க்க எனக்கு இனி உடம்பில் தெம்பு இல்லை. நிலம் போன பிறகு நான் மட்டும் இந்த வீட்டில் எதற்கு?

நீ முப்பது வருஷம் பொதுப்பணித் துறையில் வரைபடம் போட்டவன். எனக்கு ஒரு சமையலறை வரைந்து கொடு.

தொலைபேசியில் கேட்டிருக்கலாம். நம் குடும்பத்தில் அது அடித்தாலே யாரோ செத்துப்போயிருப்பார்கள். நீ பயந்துவிடுவாய்.

உன் உடம்பைக் கவனித்துக்கொள்ளச் சொல்லும்,
ஃப்ரீடா


லான்செஸ்டன், டாஸ்மேனியா
6 மார்ச் 1994

அன்புத் தங்கைக்கு,

கடிதம் வந்தது. நீ திடமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். வெயிலில் வேலிப் பக்கம் போகும்போது தொப்பி போட்டுக்கொள். என் முழங்கால் மாடிப்படியில் மட்டும் புகார் சொல்கிறது. இடது கண்ணில் திரை விழத் தொடங்கியிருக்கிறது என்றார் மருத்துவர். வலது கண் நன்றாக இருக்கிறது. வரைவதற்கு ஒன்று போதும்.

இந்த வேலைக்கு நான் ஏற்றவனா என்பது சந்தேகம். நான் வரைந்தவை பள்ளிக்கூடக் கழிப்பறைகளும் ரயில் நிறுத்தக் கொட்டகைகளும். ஒரு சிறிய நீதிமன்றத்தின் படிக்கட்டும் என்னுடையதுதான். அதில் ஒரு படி மட்டும் உயரம் கூடிப்போயிற்று. அங்கே இடறி விழுந்த வக்கீல்களை நினைத்து இன்றும் வருந்துகிறேன். சமையலறை ஒன்றுகூட வரைந்ததில்லை. ஆனாலும் நீ கேட்டு நான் முடியாது என்று சொன்னதில்லை. இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

சுவர்களின் அளவு, ஜன்னலின் உயரம், காலை வெயில் எங்கே விழுகிறது என்பவை வேண்டும். எந்தக் கதவு வழியாக யார் வருகிறார்கள், எந்தக் காலணியோடு வருகிறார்கள் என்பதும் வேண்டும். சிரிக்காதே, ஒரு அறையின் அமைப்பைத் தீர்மானிப்பது அதுதான். ராலீன் விட்டுப்போன படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அந்த அறைக்குள் வருவதற்கான வழி எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

இன்னும் இரண்டு கேள்விகள். புதிய அறையில் நீ எங்கே உட்காருவாய்? அவர்கள் வருவது உறுதிதானா? இரண்டாவதைக் கேட்டதற்கு மன்னித்துக்கொள்.

பதில் வரும்வரை பென்சில்களைச் சீவிக்கொண்டிருக்கும்,
ரைன்ஹோல்ட்


யூடண்டா
17 ஏப்ரல் 1994

அன்புள்ள அண்ணனுக்கு,

கண்ணைப் பற்றி இவ்வளவு சாதாரணமாக எழுதியிருக்கிறாய். மருத்துவர் சொன்ன சொட்டு மருந்தை விடாமல் போடு. நான் நலம். மழைதான் இன்னும் வரவில்லை. ஆடுகளுக்கு இப்போதே வைக்கோல் போடவேண்டியிருக்கிறது.

அளவுகளைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். எடுத்தது கிளாரி ஃபிட்ஸ்னர். பள்ளியில் உன் மைக்கூட்டில் வெட்டுக்கிளி போட்டவன், மறந்திருக்க மாட்டாய். கல்யாணம் செய்துகொள்ளாமல் பக்கத்துப் பண்ணையில்தான் இருக்கிறான். தினமும் காலை பத்து மணிக்குத் தேநீர் குடிக்க இங்கே வருவான்.

கதவு பற்றிக் கேட்டாய். இங்கே எல்லோரும் பின்வாசல் வழியாகத்தான் வருவார்கள். யாரும் தட்டுவதில்லை. துணி துவைக்கும் கொட்டகையில் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு சமையலறைக்குள் வந்து மேசையில் உட்கார்ந்துவிடுவார்கள். கிளாரி, தபால்காரர், முட்டை வாங்க வரும் ஸ்வார் வீட்டு மருமகள், கம்பளி கத்தரிக்க வரும் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான். முன்வாசல் வழியாக வந்தவர்கள் போதகர், வங்கிக்காரர், ஆல்ஃப் டிராக்டருக்கு அடியில் கிடந்த அன்று வந்த போலீஸ்காரர். அவ்வளவுதான்.

அந்தப் பின்கதவை மூடிவிட்டு அங்கே பெரிய பாத்திர அலமாரி வைக்கவேண்டும் என்பது ராலீனின் ஆசை. "சேறும் ஈயும் அந்த வழியாத்தான அத்தை உள்ள வருது. புதுச் சமையலறைல ஆம்பளைங்க நாத்தம் புடிச்ச சாக்ஸோட வந்து உக்காந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள். அவள் இருக்கப்போகும் வீடு. அவள் விருப்பப்படியே வரை.

பழைய அடுப்பைக் கிளாரி டிராக்டரில் கட்டி ஓடையிலிருந்து இழுத்து வந்தான். உள்ளே ஒரு பெரிய ஓணான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இதைத் தள்ளிவிட நானும் ஆல்ஃபும் ஒரு நாள் பூரா மல்லுக்கட்டினோம். இப்பத் தூக்கறதுக்கு நான் ஒருத்தன். அவன் மேல உக்காந்து சிரிச்சிட்டிருப்பான்" என்றான். துரு மேலோடு சரி, உள்ளே இரும்பு கெட்டியாக இருக்கிறதாம்.

படத்துக்காகக் காத்திருக்கும்,
ஃப்ரீடா


லான்செஸ்டன்
22 மே 1994

அன்புள்ள ஃப்ரீடா,

உங்கள் பக்கம் மழை பெய்ததா? செய்தித்தாளில் தினமும் தெற்கு ஆஸ்திரேலிய வானிலையைத்தான் முதலில் பார்க்கிறேன். சொட்டு மருந்து தவறுவதில்லை. நீ வைக்கோல் கட்டுகளைத் தனியாகத் தூக்காதே.

வரைபடம் இத்துடன் இருக்கிறது. மூன்று தாள்கள். முதல் தாளில் தரை அமைப்பு. இரண்டாவதில் நான்கு சுவர்கள். மூன்றாவதில் அடுப்பின் புகைபோக்கி. அதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். புகைபோக்கி கூரை முகட்டைவிட உயரமாகப் போகவேண்டும், இல்லையென்றால் வடக்குக் காற்றில் புகை வீட்டுக்குள் திரும்பும். தச்சரிடம் அழுத்திச் சொல்.

பின்கதவை மூடித்தான் வரைந்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் நான் இரண்டு விதமாக வரைந்தேன். ஒன்றில் கதவு இருந்தது, அலமாரி சற்றுச் சிறியது. கதவு இல்லாத தாள் அழகாக இருந்தது. கதவு இருந்த தாளில் மனிதர்கள் நடமாடுவதுபோல் இருந்தது. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஊரைவிட்டு வந்து நாற்பத்தைந்து வருஷம் ஆகிறது, அங்கே இருக்கப்போகும் பெண்ணின் விருப்பத்துக்கு மேல் பேச எனக்கு என்ன தகுதி இருக்கிறது? கேட்டதைத்தான் அனுப்புகிறேன். மற்றது வேண்டுமென்றால் ஒரு வரி எழுது, மறு தபாலில் வரும்.

நீ உட்காரும் இடத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன். தவறானால் அழித்துவிடு.

உன் நலனை விரும்பும்,
ரைன்ஹோல்ட்


யூடண்டா
28 ஆகஸ்ட் 1994

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் கோபித்துக்கொள்ளாதே. உடம்புக்கு ஒன்றுமில்லை. வீடு முழுக்கச் சுண்ணாம்புத் தூசி, பேனா எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. உன் கண் எப்படி இருக்கிறது?

சமையலறை முடிந்துவிட்டது. உன் தாளில் இருந்தபடி ஒரு அங்குலம்கூட மாறவில்லை என்று தச்சர் சொல்லச் சொன்னார். இவ்வளவு ஒழுங்கான படத்தை அவர் பார்த்ததே இல்லையாம். அடுப்பைத் தேய்த்துக் கறுப்புப் பூசியதும் புதிதுபோல் ஆகிவிட்டது. ஃபார்மிகாவைப் பெயர்த்தபோது அதன் அடியில் ஆல்ஃப் பென்சிலால் குறித்த அளவுகள் இருந்தன. அந்தப் பலகையை அப்படியே கோழிக் கொட்டகையில் வைத்திருக்கிறேன்.

பின்கதவை அடைத்த அன்று ஒரு வேடிக்கை. கிளாரி உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். தச்சரோடு வந்த கொத்தனார் கடைசி வரிசைச் செங்கல்லை வைத்து முடித்துவிட்டார். கிளாரி எழுந்து நின்று சுவரைப் பார்த்தான். "பூட்ஸு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். இப்ப நான் முன்வாசல் வழியா சாக்ஸோட வெளிய போகணுமா, போதகர் மாதிரி?" என்றான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவன் அப்படியே போய் வீட்டைச் சுற்றிவந்து முள்ளிலும் கல்லிலும் நடந்து பூட்ஸை எடுத்துக்கொண்டான்.

அடுப்பை இன்னும் பற்றவைக்கவில்லை. அக்டோபர் நடுவில் டீனும் ராலீனும் பார்க்க வருகிறார்கள். அதுவரை புதிதாகவே இருக்கட்டும். எனக்குத் துவைக்கும் கொட்டகையில் சின்ன எரிவாயு அடுப்பு இருக்கிறது, ஒருத்திக்கு அது போதும். தாழ்வாரம் வழியாகச் சுற்றிப் போகவேண்டும், மழைதான் இல்லையே, நனைய மாட்டேன்.

பயிர் கணுக்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

நன்றியோடு,
ஃப்ரீடா


லான்செஸ்டன்
18 செப்டம்பர் 1994

அன்புள்ள ஃப்ரீடா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், இரண்டாவது முறை தச்சர் சொன்னதை மட்டும். இந்த வயதில் பாராட்டுக்கு மயங்குவது அழகல்ல என்று தெரியும். நான் நலமாக இருக்கிறேன். கண் அறுவைக்கு நாள் கேட்டிருக்கிறேன்.

ஒரு யோசனை சொல்லலாமா? அடுப்பை அவர்கள் வருவதற்கு முன்பே ஒரு முறை பற்றவைத்துப் பார். புகை சரியாகப் போகிறதா என்று எனக்குத் தெரியவேண்டும். அவர்கள் வந்திருக்கும்போது அறை புகைந்துவிட்டால் அது என் தவறு, ஆனால் அவமானம் உனக்கு. உன் ஈஸ்ட் கேக் ஒன்று சுட்டுப் பார். கிளாரி தின்று தீர்த்துவிடுவான்.

கொட்டகையில் சமைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நம் அம்மாவும் முன்னறையை இப்படித்தான் போர்வை போட்டு மூடி வைத்திருந்தாள், போதகர் வரும் நாளுக்காக. நாம் குழந்தைகளாக அதன் வாசலில் நின்று எட்டிப் பார்ப்போம். நான் உனக்கு வரைந்து கொடுத்தது சமையலறை, இன்னொரு முன்னறை அல்ல. கடுமையாக எழுதிவிட்டேனா? அப்படியானால் இந்தப் பத்தியை விட்டுவிட்டுப் படி.

உன் கைமூட்டு வலித்தால் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்.

உன்னை நினைத்துக்கொண்டிருக்கும்,
ரைன்ஹோல்ட்


யூடண்டா
23 அக்டோபர் 1994

அன்புள்ள அண்ணனுக்கு,

அறுவைக்கு நாள் கிடைத்ததா? கூட யார் இருப்பார்கள்? நான் எப்போதும்போல இருக்கிறேன்.

போன வாரம் டீனும் ராலீனும் வந்து போனார்கள். ஒரு இரவு தங்கினார்கள். ராலீனுக்குச் சமையலறை மிகவும் பிடித்துவிட்டது. வாசலிலேயே நின்றுவிட்டாள். "அத்தை, பத்திரிகைல வந்ததைவிட இது நல்லா இருக்கே" என்றாள். ஒவ்வொரு மூலையிலிருந்தும் புகைப்படம் எடுத்தாள். ஒரு கூடையில் முட்டைகளைக் கழுவி மேசையில் வைத்திருந்தேன், அதையும் எடுத்தாள். ஜன்னலோர நாற்காலியில் என்னை உட்காரச் சொல்லி ஒன்று எடுத்தாள். அதன் பிரதி ஒன்று அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள், வந்தால் உனக்கு அனுப்புகிறேன்.

இரவு உணவுக்கு டீன் ஊரிலிருந்து பொரித்த மீன் வாங்கி வந்தான். என்னைக் கஷ்டப்படுத்தக் கூடாதென்று. காகிதத்தில் வைத்தே சாப்பிட்டோம்.

டீன் காலையில் நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தான். அறுவடை இயந்திரத்தை வெளியே எடுக்கிற அளவுக்கு இந்த வருஷம் கோதுமை இல்லை. ஆடுகளை விட்டு மேய்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம். மற்றபடி எல்லாம் நல்லபடியாகவே நடந்தது.

ஃப்ரீடா


லான்செஸ்டன்
6 நவம்பர் 1994

அன்புள்ள ஃப்ரீடா,

நீ சுகமாக இருப்பாய் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அதை நான் நம்பவில்லை. அறுவை டிசம்பர் முதல் வாரம். பக்கத்து வீட்டு அம்மாள் கூட வருகிறார். அதை விடு.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். அவர்கள் எப்போது குடிவருகிறார்கள் என்று அதில் இல்லை. அடுப்பைப் பற்றவைத்தாயா என்று இல்லை. கிளாரியின் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. இதற்கு முந்தைய இரண்டு கடிதங்களிலும் அவன் எதையாவது சொல்லிக்கொண்டிருந்தான். தபால்காரர் இல்லை, ஸ்வார் வீட்டு மருமகளும் இல்லை.

நேற்று முழுவதும் என் தாள்களை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியிலிருந்து அந்த அறைக்கு ஒருவர் எப்படி வருவார் என்று விரலால் கோடு போட்டுப் பார்த்தேன். முன்வாசல் படியேறி, கதவைத் தட்டி, நீ திறக்கும்வரை நின்று, கம்பளம் விரித்த நடையைத் தாண்டி வரவேண்டும். அப்படி வர அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டும். தேநீர் ஒரு காரணமாகுமா? கிளாரி எதற்காக அந்தக் கதவைத் தட்டுவான்? இதை எனக்கு நீ ஏப்ரல் மாதமே எழுதியிருந்தாய், ஃப்ரீடா. படித்தேன், பிறகு சுவரை வரைந்தேன்.

கதவு உள்ள தாளை இத்துடன் அனுப்புகிறேன். அலமாரியை மூன்று அடி நகர்த்தினால் போதும். ஒரு தச்சருக்கு இரண்டு நாள் வேலை. தயவுசெய்து செய்.

உன் பதிலுக்காகத் தவிக்கும்,
ரைன்ஹோல்ட்


லான்செஸ்டன்
8 ஜனவரி 1995

அன்புள்ள ஃப்ரீடா,

புத்தாண்டில் உனக்கு நல்ல சுகம் கிடைக்கட்டும். கண் அறுவை நன்றாக முடிந்தது. தெருவின் அந்தப் பக்கத்து வீட்டு இலக்கம் தெரிகிறது.

உன்னிடமிருந்து கிறிஸ்துமஸ் அட்டைகூட வரவில்லை. இரண்டு முறை தொலைபேசியை எடுத்தேன். மணியடித்தால் நீ என்ன நினைப்பாய் என்று வைத்துவிட்டேன். ஒரு வரி போதும்.

ரைன்ஹோல்ட்


அடிலெய்ட்
5 பிப்ரவரி 1995

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். கண் சரியாகிவிட்டது என்று கேள்விப்பட்டதில் மகிழ்ச்சி. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை, தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மாவால் இப்போது எழுத முடியவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். பயப்படவேண்டாம், உடம்புக்கு ஒன்றுமில்லை. சாமான்களைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நிலத்தை ஸ்வார் குடும்பம் வாங்கிக்கொள்கிறது. இந்த வறட்சிக்குப் பிறகு வேறு வழியில்லை. அவர்களுக்கு வீடு வேண்டாம். அந்தப் பக்கத்தில் இப்படி விட்ட வீடுகள் எத்தனையோ இடிந்து கிடக்கின்றன, நம்முடையதும் அப்படித்தான் ஆகும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஆகியிருந்தால் அம்மா கடைசிவரை அங்கேயே இருந்திருப்பார்கள், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ராலீன் எடுத்த படங்களை ஒரு தரகர் பார்த்தார். அந்தச் சமையலறைக்காகவே வீட்டை நிலத்திலிருந்து தனியாகப் பிரித்து விற்கலாம் என்றார். ஒரே வாரத்தில் ஆள் வந்துவிட்டது. அடிலெய்டில் பல் மருத்துவராக இருப்பவர், வார இறுதிக்கு வந்து தங்குவாராம். எல்லாம் நீங்கள் வரைந்த படத்தின் புண்ணியம் மாமா.

அம்மாவுக்கு ஊருக்குள் முதியோர் குடியிருப்பில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். கடைகள் பக்கத்திலேயே. அம்மா வீட்டில் இருக்கும் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "பேனாவை யாருதுன்னு பாத்துக் குடுத்துடு" என்றார்கள். அவ்வளவுதான்.

உங்கள்,
டீன்


லான்செஸ்டன்
19 பிப்ரவரி 1995

அன்புள்ள ஃப்ரீடா,

டீன் எழுதியிருந்தான். நீ இருக்கும் இடத்தில் உனக்குத் தூக்கமும் பசியும் இருக்கவேண்டும் என்பதைத் தவிர எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

நான் சுமாராக வரைந்திருக்கவேண்டும். நீதிமன்றப் படிக்கட்டைப்போல இதிலும் எங்காவது ஒன்று கோணியிருக்கவேண்டும். அந்தச் சமையலறை அழகில்லாமல் இருந்திருந்தால் நீ இன்றைக்கும் அந்த வீட்டில் இருப்பாய். வாழ்நாளில் ஒரே ஒரு முறை என் வேலை பிழையில்லாமல் அமைந்தது, அதுவும் உன் தலையில் விடிந்தது.

இங்கே வந்துவிடு. என் வீட்டின் பின்னறை காலியாக இருக்கிறது. பெரிதல்ல. ஆனால் வெயில் விழும், அதைக் கவனித்துப் பார்த்துவிட்டேன். அதை உனக்கென்று எப்படி மாற்றலாம் என்று ஒரு தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். தனி அடுப்பு, தனி மேசை, தோட்டத்துக்குப் போக ஒரு கதவு. கதவைத்தான் முதலில் வரைந்தேன். பிடிக்காத எதையும் மாற்றிக்கொள்ளலாம். இருவரும் சேர்ந்து இருந்தால் எனக்கும் நல்லது. இதைச் சொல்ல எனக்கு ஏன் இவ்வளவு காலம் ஆயிற்று என்று தெரியவில்லை.

உன் அண்ணன்,
ரைன்ஹோல்ட்


யூடண்டா
30 ஏப்ரல் 1995

அன்புள்ள அண்ணனுக்கு,

கண் நன்றாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். படிக்க அதிகம் சிரமப்பட வேண்டாமென்று பெரிய எழுத்தில் எழுதுகிறேன். எனக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டது. இப்போது நடமாடுகிறேன்.

உன் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. நவம்பர் மாதக் கடிதம் வந்தபோதே டீன் தரகரை அழைத்து வந்துவிட்டான். சுவரை உடைத்துக் கதவு வைத்து இனி யாரை உள்ளே விடுவது? அதனால்தான் எழுதவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். உறுதிதானா என்று நீ முதல் கடிதத்திலேயே கேட்டாய். டீன் வருகிறேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ராலீன் பாத்திரம் துடைத்த அன்று, "இந்தப் படத்துல இருக்கற மாதிரி இருந்தா யாருக்குத்தான் இருக்கப் பிடிக்காது அத்தை" என்றாள். அவள் சொன்னது அவ்வளவுதான். அடுத்த வருஷ விதைப்பு என்பது நானாக நினைத்து வைத்துக்கொண்டது. உனக்கு எழுதியபோது அது எனக்கு நிஜமாகவே தெரிந்தது. யாரும் என்னை ஏமாற்றவில்லை. நீயும் உன் தலையில் இதைப் போட்டுக்கொள்ளாதே.

அந்த அடுப்பை நான் பற்றவைக்கவே இல்லை. அவர்கள் வந்து முதல் சமையலைச் செய்யட்டும் என்று வைத்திருந்தேன். அக்டோபரில் ராலீன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கரி ஒட்டுமோ என்று கையைத் துடைத்துக்கொண்டாள். குடியிருக்க வருகிறவள் அப்படித் துடைக்க மாட்டாள். அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு எனக்காகப் பற்றவைக்கக் கை வரவில்லை.

கிளாரிக்கு என்மேல் கோபம் இல்லை. சுவர் எழுந்த பிறகு ஒரே ஒரு முறை வந்தான். ஒரு தொடைக்கறியை முன்வாசல் படியில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். நான் பார்த்து ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். "உள்ள வாயேன்" என்றேன். கம்பளத்தைப் பார்த்தான், தன் காலைப் பார்த்தான். "இருக்கட்டும் ஃப்ரீடா. கதவைத் தட்டற அளவுக்கு நமக்குள்ள என்ன காரியம்?" என்றான். அவன் சொன்னது சரி. இத்தனை வருஷத்தில் ஒரு காரியமும் இல்லாமல்தான் வந்தான். இந்தக் குடியிருப்பிலும் வீட்டுக்கு ஒரு கதவுதான், தெருவைப் பார்த்தபடி, அழைப்பு மணியோடு. அவன் வருவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பல் மருத்துவரும் மனைவியும் நல்லவர்கள். போன ஞாயிறு தேவாலயத்தில் என்னைத் தேடி வந்து பேசினார்கள். சமையலறை கொஞ்சம் இருட்டாக இருக்கிறதாம், அலமாரிக்குப் பின்னால் சுவரை உடைத்துக் கண்ணாடிக் கதவு வைக்கப்போகிறார்களாம். குளியலறையையும் அதே பாணியில் செய்யவேண்டும், வரைந்தவர் முகவரி கிடைக்குமா என்று கேட்டார்கள். உனக்குக் கண் தெரியாது என்று சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள்.

உன் பின்னறைப் படத்தை நன்றாகப் பார்த்தேன். அழகாக இருக்கிறது, அண்ணா. நான் வரமாட்டேன். காரணம் கேட்காதே, உன்மேல் குறை எதுவும் இல்லை. இன்னொரு அறையில் போய் நான் எப்படி இருப்பேன் என்று நினைத்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. இங்கே சூப்புப் பொட்டலத்தைக் கொதிநீரில் கரைத்துக்கொள்கிறேன், ரொட்டி கடையில் கிடைக்கிறது.

முழங்காலுக்கு எண்ணெய் தடவு. குளிர் வருகிறது. முடிந்தபோதெல்லாம் எழுது, உன் கையெழுத்தைப் பார்த்தால் எனக்கு நன்றாக இருக்கும். கடிதம் மட்டும் அனுப்பு. எதையும் வரைந்து அனுப்பாதே.

ஃப்ரீடா